தப்பும் கிற்றாரும்: ஓர் அறவினா

மனிதன் ஓர் இசைக்கருவியை முதன்முதலாகக் கையில் எடுப்பது எதனால்? வினா எளிதாகவே தோன்றுகின்றது. விடைகளும் எளிதிற் கிடைக்கின்றன. தான் வியக்கும் கலைஞனைப் போல் ஆகவேண்டும் என ஒருவன் எடுக்கின்றான். தோழர் நடுவே மதிப்புப் பெற ஒருவன் எடுக்கின்றான். காதலின்பொருட்டு எடுப்பவனும் உளன். தனிமையைத் தாங்கிக்கொள்ள எடுப்பவனும் உளன். இவை யாவும் உண்மையே. ஆயின், இவ்விடைகள் அனைத்துக்கும் அடியில் சொல்லப்படாத ஓர் எடுகோள் உண்டு. எடுத்தவன் எடுக்காமலும் இருந்திருக்கலாம் என்பதே அது. விருப்பம் என்னும் சொல்லுக்குப் பொருள் தருவது இவ்வெடுகோளேயாகும். அது பொய்த்துப்போகும் இடத்தில் வினாவின் தன்மையும் மாறிவிடுகின்றது.

அவ்வாறு மாறிவிடும் இடங்களுள் ஒன்று இலங்கையின் மத்திய மலைநாடு. அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையில் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து கிற்றாரை மீட்டும் இளைஞனைக் காண்பது இன்று அரிதன்று. அதே தோட்டத்தில், திருவிழாவுக்கும் இழவு வீட்டுக்கும் சென்று தப்பு அடிக்கும் முதியவர் ஒருவரும் இருப்பார். இளைஞனிடம் 'ஏன் எடுத்தாய்?' எனக் கேட்டால் ஒரு பாடகனின் பெயரையோ ஒரு திரைப்படத்தின் பெயரையோ சொல்வான். முதியவரிடம் அதே வினாவைக் கேட்டால், 'எங்கப்பா அடிச்சார், தாத்தா அடிச்சார்' என்பதற்கு மேல் விடை வராது. இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவராக இருத்தலும் கூடும். இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரம் எத்தகையது, அத்தூரம் யார்மீது எவ்வகைக் கடமையைச் சுமத்துகின்றது என்பதே இங்கு ஆராயப்படுவதாகும்.

பிறப்பு வழங்கிய கருவி

வட்டமான மரச் சட்டத்தின் மீது தோலை இழுத்துக் கட்டிய ஒருமுகப் பறையே தப்பு எனப்படுவது. அடிப்பதற்கு முன்னர் சருகோ வைக்கோலோ கொளுத்தி, அந்த அனலிற் காட்டித் தோலை விறைப்பாக்குவர். குட்டையும் தடிப்புமான குச்சி ஒரு கையிலும், நீண்டு மெலிந்த குச்சி மறுகையிலும் இருக்கும். பனியும் மழையும் மிக்க மலைநாட்டிலே தோல் விரைவிற் தளர்ந்துவிடும். ஆதலால் நெருப்பு எப்போதும் அருகிலேயே இருத்தல் வேண்டும். காண்பவனுக்கு எளிய கருவியாகத் தோன்றினும், எந்தச் சடங்குக்கு எந்த அடி, எந்த அடியிலிருந்து எந்த அடிக்கு எப்போது மாறுவது என்பன நெடுநாட் பயிற்சியாலன்றிக் கைவராதவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், 1869 அளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் திரட்டிக் கொண்டுவரப்பட்டனர். திரட்டியவர் கங்காணிமார். உறவும் ஊரும் சாதியும் வழியாகவே ஆட்திரட்டல் நிகழ்ந்தமையால், ஊரின் அடுக்கமைப்பும் மலையேறி வந்தது. அதனோடு தப்பும் வந்தது. பிறப்பு, பூப்பு, திருமணம், திருவிழா, இறப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அது வேண்டப்பட்டது. மாசி மாதத்திலே நிகழும் காமன் கூத்துக்கு அதுவே உயிர். மன்மதனும் ரதியும் ஆடுமிடத்து ஓர் அடி. தூதன் வருமிடத்து வேறோர் அடி. யமனும் வீரபத்திரனும் தோன்றுமிடத்து மற்றோர் அடி. கூத்தைக் காணவந்த மக்களுக்கு, வேடதாரி கண்ணிற் படுமுன்பே வருபவர் யார் என்பதைத் தப்பு அறிவித்துவிடும்.

ஆயின், தோட்டத்திலே தப்புக்கு ஊரில் இல்லாத புதியதொரு பணியும் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைப்பதற்கும் தப்பு அடிக்கப்பட்டது. இருள் அகலாத மலைச் சரிவுகளில் அந்த ஓசை கேட்டதும் லயங்களில் அடுப்பெரியும், குழந்தைகள் பிள்ளைக் காம்பராவுக்கு எடுத்துச் செல்லப்படுவர், கூடைகள் முதுகிலேறும். மலையகத்தின் பெருங்கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய கவிதை நூல், விடியலைக் கலைக்கும் இந்தப் பறையொலியிலேயே தொடங்குவது தற்செயலன்று. தொழிலாளியின் நாளைத் தொடக்கிவைத்தது ஞாயிறு அன்று, தப்பே ஆகும். அதை அடித்தவனும் ஒரு தொழிலாளியே.

இங்கு உலக வரலாற்றின் மற்றொரு செய்தியை ஒப்புநோக்குதல் பயன்தரும். வட அமெரிக்காவின் தென் கரோலைனாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் முரசறைந்து சென்றமையைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளர், 1740இன் சட்டத்தினால் அடிமைகள் முரசு வைத்திருத்தலைத் தடைசெய்தனர். அங்கே முரசு பறிக்கப்பட்டது. இங்கே அது சுமத்தப்பட்டது. செயல்கள் எதிரெதிரானவை, கருத்து ஒன்றே. கருவியின் ஒலி யாருக்குப் பயன்படவேண்டும் என்பதை, அதை அடிப்பவன் அல்லன், அவனை ஆள்பவனே முடிவு செய்தான்.

தப்பின்மீது ஏற்றப்பட்ட இழிவு தமிழரின் பழைய மரபிலே வேரூன்றியதன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் பறையையும் யாழையும் ஒருங்கே சேர்த்து எண்ணுகின்றது. நிலம் ஒவ்வொன்றுக்கும் தனக்கெனப் பறை உண்டு, தனக்கென யாழ் உண்டு என்பது அதன் கொள்கை. பறை தாழ்ந்தது, யாழ் உயர்ந்தது என்ற பாகுபாடு அங்கு இல்லை. பிற்காலத்திலே பறையடித்தல் ஒரு சாதியின் கடனாக இறுகிய பின்னரே இழிவு வந்து படிந்தது. அந்தச் சாதிப்பெயர் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் எவனையும் குறிக்கும் பொதுச்சொல்லாக உலகெங்கும் வழங்குகின்றது. ஓர் இசைக்கருவியின் பெயர் விலக்கப்பட்ட மனிதனின் பெயராக உருமாறியது என்பதைத் தமிழ் கற்போர் நாணத்தோடு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

விருப்பம் வழங்கிய கருவி

கிற்றார் மலைநாட்டை அடைந்த வழி வேறு. 1505இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயரோடு நரம்புக் கருவிகளும் அவற்றோடியைந்த ஆடற்பாடல்களும் கரையோரங்களில் இறங்கின. அவற்றின் வழிவந்த பைலா, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பொலிசுச் சேவையிற் பணியாற்றிய வொலி பஸ்தியான் போன்றோரால் நாடெங்கும் பரவியது. அப்புத்தளையில் 1943இற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, 1960களின் பிற்பகுதியில் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் வழியாக மின்கிற்றாரைச் சிங்கள மெல்லிசையின் நடுவே நிறுத்தினார். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் இலங்கைத் தமிழிளைஞரிடையே பெருவழக்காயின. தமிழகத்துத் திரையிசையிலோ, தாமே கிற்றார்க் கலைஞராக இருந்து இசையமைப்பாளரான இளையராஜாவின் வருகைக்குப் பின் அக்கருவி தனியிடம் பெற்றது. 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' திரைப்படத்தின் பாடல்களைக் கேட்டுக் கிற்றார் வாங்க ஆசைப்பட்டோர் கடலின் இருகரையிலும் பலர். 1960களில் நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், தாய்மொழி வழிபாட்டோடு தேவாலயப் பாடற்குழுக்களிலும் கிற்றார் இடம்பிடித்தது. வானொலி கொண்டுவந்த ஒலியை இன்று கைத்தொலைபேசி கொண்டுவருகின்றது. விரல் வைக்கும் முறையையும் அதுவே காட்டித் தருகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. எவரும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. ஒருவன் ஒரு கருவியை விரும்புமுன் அதனை மற்றொருவன் கையிற் கண்டிருக்கின்றான். காண்பதற்கு முன்னரே அதன் ஒலியைக் கேட்டிருக்கின்றான். கேட்கும் அக்கணத்திலே நிகழ்வது யாது? 'இவ்வொலி இனியது' என்ற எண்ணம் மட்டுமன்று. 'இவ்வொலியை எழுப்புபவனாக நானும் இருக்கலாம்' என்ற எண்ணம். ஊக்கம் என்று சொல்லப்படுவது இந்த இரண்டாவது எண்ணமே. இனிமையை நுகர்ந்து அமைதியடைவோர் பல்லாயிரவர். தம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்போர் மிகச் சிலர்.

இவ்வாறு பிறக்கும் விருப்பத்தைச் சிலர் போலி எனத் தள்ளுவர். திரைப்பட நாயகனைக் கண்டு எழுந்த ஆசை எப்படிச் சொந்த ஆசையாகும்? பெருமைக்காக எடுத்த கருவி எப்படிக் கலையாகும்? இவ்வெதிர்ப்புக்கு விடை தருவது விரலேயாகும். கிற்றாரின் உருக்குத் தந்திகள் புதிதாகப் பழகுபவனின் இடக்கை விரல் நுனிகளை வெட்டும், வீங்கச் செய்யும், தோல் தடித்துக் காய்ப்பேறும் வரை வாரக்கணக்கில் வலிக்கும். ஒரு விரலால் ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்தவேண்டிய இடத்தில், பழகுவோரிற் பலர் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு நின்றுவிடுகின்றனர். பெருமைக்காகத் தொடங்கியவனிடம் அவ்வலியின்போது பெருமை உதவிக்கு வருவதில்லை. ஏனெனில் அந்நாட்களில் அவன் எழுப்பும் ஒலியைப் பாராட்டுவார் எவருமில்லை. அவ்வலியைக் கடந்தவன் வேறேதோ ஒன்றின்பொருட்டே கடந்திருத்தல் வேண்டும். ஆகவே, தொடக்கத்தின் காரணம் வேறு, தொடர்ச்சியின் காரணம் வேறு. விதை காற்றில் வந்ததாயினும் வேர் அந்நிலத்தினுடையதே.

மலைநாட்டு இளைஞனுக்கு இவ்வலி புதியதுமன்று. கொழுந்து கிள்ளிக் கறைபடிந்த தாயின் விரல்களும், கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன தந்தையின் உள்ளங்கையும் அவன் நாள்தோறும் காண்பவை. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுடைய விரற்காய்ப்பு பிறர் வேண்டுகையால் வந்தது. அவனுடைய விரற்காய்ப்பு அவனே வேண்டிப் பெற்றது. ஆயிரம் ரூபா நாட்கூலி என்பது பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேயே கிடைத்த தோட்டப்புறத்தில், ஒரு கிற்றாரின் விலை பல நாட் கூலி. அதனை வாங்கிக் கொடுக்கும் குடும்பம் அதன் பயன் யாதெனக் கேளாமல் கொடுக்கின்றது எனின், தன் பிள்ளைக்கேனும் பயன் கருதாத ஒரு பொழுது இருக்கட்டும் என்ற எண்ணம் அதன் பின்னே இருத்தல் கூடும்.

அரிஸ்டாட்டிலின் ஐயம்

இசைக்கருவியைக் கையில் எடுத்தல் நன்றா என்னும் வினாவை அறநோக்கில் எழுப்பியவருள் அரிஸ்டாட்டில் முதன்மையானவர். தம் 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியிலே, இளைஞர் இசையைக் கேட்டு மகிழ்ந்தாற் போதுமா, தாமே வாசிக்கவும் பழகவேண்டுமா என்று அவர் வினவுகின்றார். தாமே பழகாதவர் பிறர் இசையைச் செவ்வனே மதிப்பிட முடியாது. ஆதலால் இளமையிற் பழகுதல் வேண்டும். முதிர்ந்தபின் விட்டுவிடல் வேண்டும் என்பது அவர் முடிவு. துளைக்கருவியையும், போட்டியரங்குக் கலைஞருக்குரிய கித்தாரா என்னும் நரம்புக் கருவியையும் கல்வியிலிருந்து அவர் விலக்குகின்றார். கிற்றார் என்ற பெயர் அந்தக் கித்தாரா என்ற சொல்லின் வழிவந்தது என்பது இங்கு நினையத்தக்கது. விலக்கியதற்கு அவர் கூறும் காரணம் கூர்மையானது. பிறருடைய இன்பத்துக்காக, அதுவும் கீழ்த்தரமான இன்பத்துக்காக வாசிப்பவன் தன் மேம்பாட்டின்பொருட்டு வாசிப்பதில்லை. அது சுதந்திர மனிதனுக்கன்று, கூலிக்காரனுக்கே உரிய செயல் என்கின்றார்.

இக்கூற்றிலே ஓர் உண்மையும் ஒரு பிழையும் கலந்துள்ளன. ஒரே செயல், யார்பொருட்டுச் செய்யப்படுகின்றது என்பதைப் பொறுத்து அறத்தன்மையில் வேறுபடும் என்பது உண்மை. தன் விருப்பால் வாசிப்பதும் பிறர் ஏவலால் வாசிப்பதும் ஒன்றல்ல. ஆயின், ஏவலால் வாசிப்பவனிடத்திலே இழிவு இருக்கின்றது என்று கொண்டது பிழை. இழிவு ஏவலில் இருக்கின்றது. ஏவிய ஒழுங்கில் இருக்கின்றது. வாசித்தவனின் கையிலோ கருவியிலோ அது இல்லை. அடிமைமுறையை இயல்பெனக் கொண்ட மெய்யியலாளர் இந்த இடத்திலே தம் கண்ணை மூடிக்கொண்டதில் வியப்பில்லை. தப்பின் ஒலியிற் கூத்தைக் கண்டு களித்துவிட்டு, அடித்தவனைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய சமூகமும் அதே பிழையையே செய்தது.

கருவிக்கு இயல்பாகவே உயர்வோ தாழ்வோ இல்லை என்பதற்குக் கிற்றாரின் கதையே சான்றாகும். ஸ்பானிய மொழிக்கு 1611இல் அகராதி செய்த கோவருபியாஸ், குதிரை மேய்க்கும் பையன்கூட வாசிக்கும் அளவுக்குக் கிற்றார் எளிதாகிவிட்டது எனக் குறைபட்டுக்கொண்டார். அதே நூற்றாண்டிலே பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் அக்கருவியை விரும்பிப் பயின்றான். இடையே மாறியது கருவியன்று; அதைப் பிடித்த கை. லயத்து இஸ்தோப்பிலே இன்று கிற்றார் பெறும் மதிப்பும், கோவில் மூலையிலே தப்பு பெறாத மதிப்பும் மரத்தாலும் தோலாலும் தந்தியாலும் வந்தவையல்ல.

விடுத்த கை

இருபதாம் நூற்றாண்டிலே தமிழகத்தின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் பறையடிக்க மறுத்தனர். இறந்த மாட்டை அகற்ற மாட்டோம், இழவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்ற உறுதி அவர்களுடைய விடுதலைப் போராட்டத்தின் ஒரு கூறாயிற்று. இசையை ஓர் அறிவாகப் போற்றுவோர்க்கு இச்செய்தி சற்றே கசக்கும். ஒரு கலையைக் கைவிடுதல் எவ்வாறு முன்னேற்றமாகும் என அவர் வினவுவர். ஆயின், கருவியை எடுப்பதற்கு ஊக்கம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஊக்கம், சிலவிடங்களில் அதனினும் மிகுந்த ஊக்கம், அதனை விடுவதற்கும் வேண்டும். தன் மகனைத் தப்புக் குச்சியைத் தொடவிடாமற் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய தோட்டத்துத் தந்தை, தனக்குத் தெரிந்த ஒரே கலையைத் தன்னோடு முடித்துக்கொண்டார். அவர் இழந்தது சிறிதன்று. அவர் செய்ததை அறியாமை எனக் கூறுவது அறமன்று.

அம்மகன் கிற்றாரை எடுத்தபோது அது மரபை மறந்த மேலைநாட்டு மோகம் என்று பேசப்படுகின்றது. கருத்தரங்குகளில் அழிந்துவரும் கிராமியக் கலைகளுக்காக இரங்கற் கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. இரக்கம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆயின் அவ்விரக்கத்தின் உள்ளே மறைந்திருக்கும் கட்டளை யாது என்பது நோக்கத்தக்கது. 'இக்கலை அழியக்கூடாது' என்போர், 'ஆதலால் நானும் என் பிள்ளையும் பழகுவோம்' என்று முடிப்பது அரிது. 'ஆதலால் அவர்கள் விடக்கூடாது' என்றே முடிக்கின்றனர். முன்னர்ச் சாதியின் பெயரால் இடப்பட்ட கட்டளை இப்போது பண்பாட்டின் பெயரால் இடப்படுகின்றது. கட்டளையின் மொழி மென்மையானது. சுமக்கும் தோள்கள் பழைய தோள்களே.

பிறப்பினாற் சுமத்தப்பட்ட ஒரு கலையைக் காத்தல் அப்பிறப்பினரின் கடமை ஆகாது. கடமை என்பது ஒருவன் ஏற்றுக்கொண்டதிலிருந்தோ, அவன் பெற்ற பயனிலிருந்தோ எழவேண்டும். தப்பினாற் பயன் பெற்றவர் யார்? திருவிழாவில் மகிழ்ந்த ஊரார். காமன் கூத்தை இரவு முழுதும் கண்டிருந்த தோட்டத்து மக்கள் அனைவர். விடியற் பறையினால் நேரத்துக்கு ஆட்களைப் பெற்ற துரைமார். அடித்தவர் பெற்றது சில நாணயங்களும் சிறிது மதுவும், அவற்றோடு ஓர் இழிபெயரும். பயன் பெற்றவரை விட்டுவிட்டு இவரிடம் கடமையைக் கேட்பது எவ்வகை நீதி?

இழப்பு யாருடையது?

இவ்வாறு கூறுமிடத்து ஒரு தடை எழும். எல்லாரும் விட்டுவிட்டால் கலை முற்றாக அழியுமே. அழிந்தது திரும்பி வருமா? இத்தடை வலியது. தமிழர் ஒரு கருவியை முழுமையாக இழந்த வரலாறு கண்முன்னே உள்ளது. சங்கப் பாடல்களெங்கும் ஒலித்த யாழ், பின்னர்ப் பெயரளவில் நின்றது. அதன் அமைப்பையும் நரம்புகளின் சுருதி முறையையும் பழைய நூற்குறிப்புகளைக் கொண்டு கணித வழியாக மீட்டறிய, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகளுக்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வுழைப்பின் பயனாகிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. ஒரு தலைமுறையின் கை மற்றொரு தலைமுறையின் கைக்கு மாற்றிக் கொடுக்காததைப் பேரறிஞர் ஒருவரின் மதி எவ்வளவு அரும்பாடுபட்டுத் தேடவேண்டியிருந்தது! தப்பின் அடிகளோ பெரிதும் ஏட்டில் ஏறாதவை, கையோடு மறைபவை. யமனின் வருகைக்குரிய அடியை அறிந்த கடைசி முதியவர் மறையும் நாளில் அத்தோட்டத்துக் கூத்தின் ஒரு பகுதியும் மறையும்.

ஆகவே இழப்பு உண்மையானது. ஆயின் அது அனைவருக்கும் உரிய இழப்பு. ஒரு சாராரின் குற்றமன்று. அனைவருக்கும் உரிய இழப்பாயின் அதனைத் தடுக்கும் பொறுப்பும் அனைவர்க்கும் உரியது. இதன் பொருள் எளியது. தப்பு, விரும்பியவர் எவரும் எடுக்கக்கூடிய கருவியாக வேண்டும். விரும்பாதவர் எவரும் விடக்கூடிய கருவியாகவும் வேண்டும். முன்னையதை மட்டும் சொல்லிப் பின்னையதை மறப்பது பாதி நீதியேயாகும்.

தமிழகத்தில் அண்மைத் தசாப்தங்களிலே இத்திசையில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. இழிவின் அடையாளமாயிருந்த பறையை, விடுதலையின் அடையாளமாக ஒடுக்கப்பட்ட இளைஞரே மீண்டும் எடுத்தனர். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவிற் போலப் பெண்களும் பறையை ஏந்தினர். ஆண்களுக்கே உரியது என்றிருந்த கருவியிடத்து இது சிறு மாற்றமன்று. மதுரை மாவட்டத்தின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025இற் பத்மசிறீ விருதுக்குத் தெரிவானார். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் குரலில் வாழ்ந்த மலையகத்தில், மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிலே பாடி விழிப்பூட்டிய வரலாறும் உண்டு. ஆயினும் தப்புக் குச்சி மலையகப் பெண்ணின் கைக்கு எட்டாததாகவே நெடுங்காலம் இருந்தது. பல்கலைக்கழக மேடைகளிலும் கலைவிழாக்களிலும் இன்று தப்பு ஒலிக்கின்றது, கைதட்டலும் கிடைக்கின்றது.

இங்கும் விழிப்பு வேண்டும். மேடையிலே தப்படிக்கும் மாணவனுக்குக் கைதட்டல், இழவு வீட்டிலே தப்படிக்கும் முதியவருக்குத் தனியிடம் என்ற நிலை எங்கேனும் நீடிக்குமாயின், அங்கே கருவிக்குத்தான் விடுதலை கிடைத்தது, மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இதனைச் சோதித்தறியும் அளவுகோல் ஒன்றே. அம்முதியவரோ அவர் மகனோ 'நாளைக்கு நான் வரவில்லை' என்று சொன்னால் யாதாகும்? அவ்விடையை ஊர் அமைதியாக ஏற்குமாயின் அவர் கலைஞர். ஏற்க மறுக்குமாயின் அவர் இன்னும் ஏவலரே. எத்தனை பொன்னாடை போர்த்தினும் அந்நிலை மாறாது.

மீண்டும் எடுத்த கை

அமெரிக்காவின் வட கரோலைனாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்த கறுப்பினப் பெண்மணி எலிசபெத் கொற்றனின் வாழ்க்கை இவ்விடத்து ஒளி தருவது. சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்திலே மூன்றே முக்கால் டொலருக்கு அவர் ஒரு கிற்றாரை வாங்கினார். இடக்கைப் பழக்கமுடையவராதலால், வலக்கையினர்க்காகச் செய்யப்பட்ட கருவியைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். தேவாலயத்தாரின் அறிவுரையால் உலகியற் பாடல்களை விட்டார். திருமணமும் வேலையும் சூழ, கருவியையும் விட்டார். பல தசாப்தங்கள் கழிந்தன. பின்னர், இசை ஆய்வாளரான சார்ல்ஸ் சீகரின் வீட்டிற் பணிப்பெண்ணாக இருந்த காலத்தில், அங்கே சுவரில் மாட்டியிருந்த கிற்றாரை எடுத்தார். மறந்தது என்று எண்ணியது விரலிலே மறையாதிருந்தது. 1958இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தொண்ணூறு வயதையொட்டிய முதுமையிலே கிராமி விருதும் கிடைத்தது.

மலையகத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற சிறுமியர் எத்தனையோ பேர். அவர்களுள் எவருக்கேனும் அவ்வீடுகளின் சுவரில் மாட்டியிருந்த கருவியைத் தொடும் உரிமை இருந்ததா என்ற வினா இவ்வரலாற்றைக் கற்பவர் மனத்தில் எழாமற் போகாது. கொற்றனிடம் கற்கவேண்டியது அவருடைய திறமையை மட்டுமன்று. அவர் எடுத்தார், விட்டார், மீண்டும் எடுத்தார். மூன்று செயல்களும் ஒரே வாழ்க்கைக்குள் இடம்பெற்றன. எடுத்தலுக்கும் விடுத்தலுக்கும் இடையே அவ்வாறு வந்துபோக இடமிருக்கும் போதுதான் ஒரு கருவி ஒரு மனிதனுக்குச் சொந்தமாகின்றது.

இனி, தொடக்கத்து வினாவுக்கு விடை கூறலாம். மனிதனை இசைக்கருவியின்பால் ஈர்ப்பது, பிறன் ஒருவன் எழுப்பும் ஒலியிலே தான் ஆகக்கூடிய மற்றொரு தன்னைக் கேட்டல். கிற்றாரைக் கேட்ட மலைநாட்டு இளைஞன் அவ்வாறே கேட்டான். பிரட்டுக் களமும் கவ்வாத்துக் கத்தியும் அல்லாத ஒரு தன்னை அந்த ஒலியில் அவன் கண்டான். அதில் நாணுதற்கோ கடிதற்கோ யாதுமில்லை. தப்பைக் கேட்டபோது அவனுக்கு அக்காட்சி தோன்றவில்லை எனின், குறை அவன் செவியிலன்று. அவ்வொலியோடு அவனுக்குக் காட்டப்பட்ட மனிதன், தலைகுனிந்து திண்ணைக்கு அப்பால் நின்ற மனிதன். அப்படி நிற்க எவர்தாம் விரும்புவர்?

ஆதலால், 'இளைஞர் ஏன் கிற்றாரை எடுக்கின்றனர்?' என்று கேட்பதினும், 'தப்பை எவரும் விரும்பி எடுக்க இயலாதபடி செய்தது எது?' என்று கேட்பதே நேரிய வினாவாகும். அவ்வினாவுக்குரிய விடையைத் தப்படிக்கும் குடும்பத்திடம் தேடுதல் வேண்டா; அதனைக் கேட்டு மகிழ்ந்த ஏனையோரிடமே தேடுதல் வேண்டும். கலை அழிகின்றதே எனக் கவலைப்படுவோர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. அடுத்த மாசியிலே காமன் கூத்து நிகழும் தோட்டத்துக்குச் சென்று, அம்முதியவரை 'ஆசிரியரே' என்றழைத்து, குச்சியைப் பிடிக்கும் முறையைக் கற்றுத்தருமாறு கேட்டல். அவர் கற்பிக்க உடன்படலாம்; மறுக்கவும் செய்யலாம். மறுத்தாற் பணிந்து திரும்புதல் வேண்டும். அம்மறுப்புக்கும் இடமளிக்கும் நாளிலேதான், லயத்து இஸ்தோப்பில் அமர்ந்த இளைஞனுக்குத் தப்பும் கிற்றாரும் ஒரே வகையான இரு கருவிகளாகத் தோன்றும். அன்று அவன் எதனை எடுப்பான் என்பது அவனுடைய விருப்பம்.